காதுகள் கட்டும் வரி

அமெரிக்காவில் 2026 ஜனவரி 1 முதல் ஒரு வரி பூஜ்யமாகியிருக்கிறது. துப்பாக்கியின் வெடிச்சத்தத்தைக் குறைப்பதற்காகக் குழல் முனையில் பொருத்தப்படும் சைலன்சர் என்னும் கருவிக்கு 1934 முதல் விதிக்கப்பட்டுவந்த 200 டாலர் வரி அது. 2025 ஜூலை 4-இல் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட வரி, செலவினச் சட்டம் அதை நீக்கியது. கருவியை அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் நீடிக்கிறது.

பெரிய காஞ்சிபுரத்தில் வாழும் ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியனுக்கு இந்தச் செய்தியில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். துப்பாக்கியை நான் கையில் எடுத்ததில்லை. எடுக்கும் ஆசையும் இல்லை. ஆனால், ஒருவர் எழுப்பும் ஓசைக்கான விலையை யார் செலுத்துவது என்பது பொருளாதாரம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. அந்தக் கேள்வியை அமெரிக்கர்கள் துப்பாக்கியை முன்னிறுத்தி விவாதிக்கிறார்கள். சுடுதிடலிலும் விசைத்தறிக் கூடத்திலும் பட்டாசு வெடிக்கும் தெருவிலும் நம் காதுகள் தேய்கின்றன. நாமோ அந்த விவாதத்தை இன்னும் தொடங்கவே இல்லை.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். ஓசையை அளக்கும் டெசிபல் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை. பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகும். 30 கூடினால் 1,000 மடங்காகும். நாம் இயல்பாகப் பேசிக்கொள்வது சுமார் 60 டெசிபல். ஒரு ரைபிள் வெடிக்கும்போது சுடுபவரின் காதருகே எழும் உச்ச ஓசை 155 முதல் 170 டெசிபல் வரை இருக்கும். திடீர் ஓசைக்குப் பல நாட்டு விதிகளும் வகுத்திருக்கும் எல்லை 140 டெசிபல். அதைத் தாண்டிய ஒரே ஒரு வெடிகூடக் காதுக்கு நிரந்தரச் சேதம் விளைவிக்கலாம்.

உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஓசையால் விளையும் சேதம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டித் தொடங்குகிறது. குழந்தைகளின் குரலும், 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகளும் மங்கத் தொடங்கும். பாதிக்கப்பட்டவர், 'பேசுவது கேட்கிறது. என்ன பேசுகிறார்கள் என்பதுதான் புரியவில்லை' என்பார். வீட்டில் உள்ளவர்கள் அதைக் கவனக்குறைவு என்று எண்ணிக் கடிந்துகொள்வார்கள். வலி இல்லை, இரத்தம் இல்லை, வெளியே தெரியும் காயம் இல்லை. இழப்பு கணக்கில் ஏறாமல் போவதற்கு இதுவே முதற்காரணம்.

துப்பாக்கிச் சைலன்சரின் தத்துவம் எளிது. குண்டை உந்தித் தள்ளிய வெப்ப வாயு, குழலின் வாயிலிருந்து ஒரே வீச்சில் வெளியேறும்போது பெருவெடிப்பாகக் கேட்கிறது. அந்த வாயுவை அடுக்கடுக்கான தடுப்பறைகளில் விரியவிட்டு, வேகத்தையும் வெப்பத்தையும் தணித்து வெளியேற்றுகிறது இக்கருவி. நம் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே.

இதன் பின்னால் ஒரு குடும்பக் கதை உண்டு. 1884-இல் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கிய ஹிராம் ஸ்டீவன்ஸ் மாக்சிம், தன் கண்டுபிடிப்பின் ஓசைக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செவித்திறனைப் பெரிதும் இழந்தார். அவருடைய மகன் ஹிராம் பெர்சி மாக்சிம்தான் 1909-இல் துப்பாக்கிச் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றவர்.

திரைப்படங்களில் காட்டப்படுவதுபோல இக்கருவி துப்பாக்கியை ஊமையாக்கிவிடுவதில்லை. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ஏற்ப, குறையும் அளவு பொதுவாக 20 முதல் 35 டெசிபல் வரைதான். ஒலியை விஞ்சும் வேகத்தில் செல்லும் குண்டு காற்றைக் கிழிக்கும் ஓசையை இது தொடுவதே இல்லை. 165 டெசிபல் 135 ஆகலாம். அது ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆயினும், அந்த 135-ம் உரத்த ஓசையே. எனவே, சைலன்சர் இருந்தாலும் காதுக்கவசம் தேவை என்பதே செவி மருத்துவர்களின் அறிவுரை.

இக்கருவிக்கு இன்னொரு பயனும் உண்டு. சுடும்போது துப்பாக்கி தோளைப் பின்னோக்கி இடிக்கும் பின்னுதைப்பை அது தணிக்கிறது. வெளியேறும் வாயுவின் வேகம் குறைவதும், முனையில் எடை கூடுவதும் காரணங்கள். பின்னுதைப்பைக் குறைக்க 'மசில் பிரேக்' என்ற வேறொரு கருவியும் இருக்கிறது. அது வாயுவைப் பக்கவாட்டிலும் பின்புறமாகவும் திருப்பிவிடுகிறது. சுடுபவரின் தோளுக்கு நல்ல நிம்மதி கிடைக்கும். ஆனால், ஓசை அவர் காதையும் அருகில் நிற்பவரின் காதையும் முன்னிலும் கடுமையாகத் தாக்கும். சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகள் ரைபிள், கைத்துப்பாக்கிப் போட்டிகளில் மசில் பிரேக்கை அனுமதிப்பதில்லை.

வகுப்பறையில் 'புறவிளைவு' என்ற கருத்தை விளக்க ஆலைப் புகையையும் சாயக் கழிவையும்தான் காட்டுவது வழக்கம். இந்த இரு கருவிகள் அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு. இரண்டும் ஒரே தோளுக்கு ஒரே நன்மையைத் தருகின்றன. ஒன்று அதன் செலவைப் பக்கத்தில் நிற்பவர் காதில் ஏற்றுகிறது. மற்றொன்று அந்தச் செலவைப் பிறக்கும் இடத்திலேயே குறைக்கிறது. பிறர்மீது செலவை ஏற்றும் செயலுக்கு வரி விதிக்க வேண்டும், பிறருக்கு நன்மை தரும் செயலுக்கு ஊக்கம் தர வேண்டும் என்று 1920-இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆர்தர் பிகு வாதிட்டார். அமெரிக்கா நேர்மாறாக நடந்தது. ஓசையைக் கூட்டும் கருவிக்கு அத்தகைய சிறப்பு வரி இல்லை. ஓசையைக் குறைக்கும் கருவிக்கு 200 டாலர் வரி.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. கொள்ளைக் கும்பல்களின் துப்பாக்கிச் சண்டைகள் நாட்டை உலுக்கிய காலத்தில், இயந்திரத் துப்பாக்கிகளோடு சேர்த்து இக்கருவியும் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிடியில் வந்தது. அன்றைய 200 டாலர் இன்றைய மதிப்பில் 4,700 டாலருக்குக் குறையாது. அது வருவாய்க்கான வரி அன்று. யாரும் வாங்கிவிடக் கூடாது என்பதற்கான வேலி. ஆனால், பணவீக்கத்துக்கு ஏற்ப அத்தொகை ஒருபோதும் உயர்த்தப்படவில்லை. 90 ஆண்டுகளில் விலைவாசியே அந்த வேலியை அரித்துவிட்டது. 2025-ஆம் ஆண்டுச் சட்டம் விழும் நிலையில் இருந்த வேலியைத் தள்ளிவிட்டது, அவ்வளவே.

வரிநீக்கத்தை எதிர்ப்பவர்களின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. துப்பாக்கி ஓசை ஊருக்கு ஓர் எச்சரிக்கை மணி. அந்த ஓசை கேட்டுத்தான் மக்கள் ஓடித் தப்புகிறார்கள், காவலர்கள் திசையறிகிறார்கள். 2019 மே 31-இல் வர்ஜீனியா பீச் நகர அரசு அலுவலகத்தில் 12 பேரைச் சுட்டுக்கொன்றவனின் துப்பாக்கியில் சைலன்சர் இருந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. நார்வேயிலும் நியூசிலாந்திலும் வேட்டைக்காரர்கள் தனி அனுமதியின்றி இக்கருவியை வாங்குகிறார்கள்; அயலாரைத் தொந்தரவு செய்யாத பண்பாகவே அது அங்கே கருதப்படுகிறது. ஒரே கருவி ஓரிடத்தில் அச்சமாகவும் இன்னோரிடத்தில் நாகரிகமாகவும் இருப்பதற்குக் காரணம், அந்தந்தச் சமூகத்தில் துப்பாக்கி யார் கையில், எவ்வளவு எளிதாக இருக்கிறது என்பதே.

இந்தியாவில் இதற்கான விடை தெளிவானது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகள், வெடியோசையைக் குறைக்கும் துணைக்கருவிகளைத் தடைசெய்யப்பட்ட வகையில் வைத்துள்ளன. பொதுமக்களைப் பொறுத்தவரை இது அப்படியே நீடிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இங்கே ஓசை குறைந்த துப்பாக்கியால் பயனடையக்கூடிய தனியார் மிகச் சிலர். அது தவறான கைகளுக்குப் போனால் வரும் கேடோ பெரிது.

ஆனால், பணியின் பொருட்டுச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். ராணுவத்தினர், துணை ராணுவப் படையினர், காவலர்கள், அவர்களுக்குப் பயிற்சி அளிப்பவர்கள், .22 ரைபிளால் சுடக் கற்கும் தேசிய மாணவர் படையின் பதின்வயதினர் ஆகியோர் துப்பாக்கியைத் தம் விருப்பத்துக்காக ஏந்தவில்லை. சீருடைப் பணியில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், பயிற்சிக் காலத்தில் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டு சுட்டதாகச் சொன்னார். வெறும் பஞ்சு துப்பாக்கி ஓசையைத் தடுப்பதில்லை. இன்று நாற்பதைத் தாண்டிய அவருக்கு, இரவில் ஊர் அடங்கிய பின்னும் காதிரைச்சல் அடங்குவதில்லை. பயிற்சியாளர்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. பயிற்சி பெறுபவர் சில நாள்கள் சுட்டுவிட்டுப் போய்விடுவார். பயிற்சியாளர் ஆண்டு முழுவதும் அதே திடலில் நிற்கிறார்.

இந்த இழப்பைக் கணக்கிட்ட நாடுகள் அதன் அளவைக் கண்டு திகைத்தன. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் இழப்பீடு பெறும் பணிசார் குறைபாடுகளில் காதிரைச்சலும் செவித்திறன் இழப்பும் முன்வரிசையில் நிற்கின்றன. தரமற்ற காதடைப்பான்களை ராணுவத்துக்கு விற்றதாக எழுந்த வழக்குகளை முடித்துக்கொள்ள 3எம் நிறுவனம் 2023 ஆகஸ்டில் சுமார் 600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. தவறை அது ஏற்கவில்லை. அந்நாட்டு மரைன் படை, 2020 இறுதியிலிருந்து தன் காலாட்படையினரின் துப்பாக்கிகளில் சைலன்சரைப் பொருத்தத் தொடங்கியது. போர்க்களத்தில் கட்டளை காதில் விழ வேண்டும் என்பது ஒரு காரணம். படைவீரரின் காது பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

இக்கருவிக்குக் குறைகளும் உண்டு. அது எடை கூடியது, விரைவில் சூடேறும், சில துப்பாக்கிகளில் வெடிவாயுவைச் சுடுபவரின் முகத்துக்கே திருப்பும். விலையும் அதிகம். எனவே, எல்லாத் துப்பாக்கிக்கும் இன்றே வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாள்தோறும் வெடியோசை எழும் பயிற்சித் திடல்களில், அரசின் முழுக்கட்டுப்பாட்டில், ஆயுதக் கிடங்கைவிட்டு வெளியேறாத வகையில் தொடங்கலாம். அதுவரை காதடைப்பானும் அதன்மேல் காதுக்கவசமும் என இரட்டைப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கலாம். பஞ்சுபோன்ற நுரையாலான காதடைப்பான் ஒன்றின் விலை சில ரூபாய்தான்.

வெடியோசைக்கு எதிராக ஊர் திரண்ட வரலாறு எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் ஆட்சியர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் பறவைகளைக் காக்கும் ஆணையைப் பெற்றார்கள். அதில் கருணை மட்டும் இருக்கவில்லை. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்ற கணக்கும் இருந்தது. ஓசைக்கும் தோட்டாவுக்கும் தாம் கொடுக்கும் விலையை அந்த உழவர்கள் அறிந்திருந்தார்கள். அதை ஆட்சியரிடம் எடுத்துச் சொல்லவும் தெரிந்திருந்தார்கள். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிபட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளியன்றும் பட்டாசு வெடிப்பதில்லை. பறவையின் காதுக்கு நாம் தரும் மதிப்பை மனிதக் காதுக்குத் தருகிறோமா?

பட்டாசையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் பட்டாசின் உச்ச ஓசை 145 டெசிபல் வரை இருக்கலாம். தொழிற்சாலைகளுக்கான மாதிரி விதிகளோ, தொழிலாளி ஒருவர் 140 டெசிபலுக்கு மேற்பட்ட திடீர் ஓசைக்கு ஒருபோதும் ஆளாகக் கூடாது என்கின்றன. இரண்டும் அளக்கப்படும் முறையில் சிறு வேறுபாடுகள் இருக்கலாம். ஆயினும், வயதுவந்த ஆலைத் தொழிலாளிக்குக் கூடாது என்று ஒதுக்கிய ஓசையைத் தெருவில் நிற்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு அனுமதித்திருக்கிறோம் என்பதே இதன் பொருள். குழந்தை 4 மீட்டர் தள்ளி நிற்பதும் அரிது.

திடீர் வெடியோசையைப் போலவே, நாள் முழுதும் இடைவிடாது இரையும் ஓசையும் காதைத் தின்னும். இங்கேதான் எங்கள் ஊரின் தொழில் வருகிறது. பிள்ளையார்பாளையத் தெருக்களில் குழித்தறியின் ஓசை இன்றும் கேட்கிறது. நாடா ஓடும் ஓசையும் பலகை அடிக்கும் ஓசையும் சேர்ந்து ஒரு தாளம்போல் எழும். அதன் நடுவே நெசவாளர் பேசலாம். கோர்வை போடும்போது எதிரே இருப்பவர் சொல்வது காதில் விழும். சோமனூரிலோ பள்ளிப்பாளையத்திலோ விசைத்தறிக் கூடம் ஒன்றில் நுழைந்து பாருங்கள். நாடா ஓடும் பழைய விசைத்தறிகள் நிறைந்த கூடத்தில் ஓசை 90 டெசிபலைத் தாண்டுவது இயல்பு. அங்கே கைச்சைகைதான் மொழி. ஒரு காலத்தில் லங்காஷயர் பருத்தி ஆலைப் பெண்கள், உதட்டசைவை வைத்தே பேசிக்கொள்ளும் தனிவழக்கை உருவாக்கிக்கொண்டார்கள். அதை அவர்களின் சாமர்த்தியம் என்று வியந்தவர்கள் பலர். ஆலை முதலாளி செலுத்தாத செலவைத் தொழிலாளியின் காது செலுத்தியது என்பதே உண்மை.

காஞ்சிப் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறிக்கென 1985-ஆம் ஆண்டின் ரக ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கிறது. கைத்தறிச் சேலை ஏன் விலை கூடுதல் என்று கேட்கும்போது நாம் உழைப்பையும் சரிகையையும் கலையையும் சொல்கிறோம். விசைத்தறிச் சேலையின் விலை குறைவாக இருப்பதற்கு, யாரோ ஒருவரின் செவித்திறன் அந்த விலைச்சீட்டில் எழுதப்படாததும் ஒரு காரணம் என்று சொல்வதில்லை. இது விசைத்தறித் தொழிலாளர்மீதான குற்றச்சாட்டு அன்று. அவர்கள் சார்பான முறையீடு.

சட்டம் என்ன செய்கிறது? ஓசையால் வரும் செவித்திறன் இழப்பு, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்களின் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. அனுமதி அளவு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். 100 டெசிபல் என்றால் 2 மணி நேரம். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்பதோ 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம் மட்டுமே. அந்த நிறுவனம் 15 நிமிடம் என்று வரையறுக்கும் ஓசையில் நம் தொழிலாளி சட்டப்படியே 2 மணி நேரம் நிற்கலாம்.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், மின்விசை பயன்படுத்தும் இடத்தைத் 'தொழிற்சாலை' என்று கொள்வதற்கான தொழிலாளர் எண்ணிக்கையை 10-இலிருந்து 20-ஆக உயர்த்தியிருக்கிறது. சிறு சிறு கூடங்களாகச் சிதறியிருக்கும் விசைத்தறித் தொழிலில் இந்த ஒரு மாற்றம் எத்தனை பேரைத் தொழிற்சாலை ஆய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்தும் என்பதைத் தமிழக அரசு கணக்கெடுக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் இதைவிட நுட்பமானது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, பேச்சுக்குரிய அதிர்வெண்களில் இரு காதுகளிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் ஒருவர் 'கேட்டல் குறையுடையவர்'. ஓசையின் முதல் தாக்குதலோ 4,000 ஹெர்ட்ஸை ஒட்டியது. காவலரோ தறித் தொழிலாளியோ பல ஆண்டுகள் திணறிய பின்பும் சட்டத்தின் கண்ணில் குறையில்லாதவராகவே இருப்பார். காது முற்றிலும் கெட்ட பிறகு கிடைக்கும் சான்றிதழ், கெடுவதைத் தடுக்க உதவாது.

செவித்திறன் இழப்புக்குத் தீர்வு காணாததால் உலகம் ஆண்டுதோறும் 98,000 கோடி டாலர் இழக்கிறது என்று உலக சுகாதார அமைப்பின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. இழந்த பிறகு செவிக்கருவிக்குச் செலவிடுவதைவிட, இழக்காமல் காப்பது மலிவு என்பதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை.

செய்ய வேண்டியவை கடினமானவையும் அல்ல. சீருடைப் பணியில் சேரும் ஒவ்வொருவருக்கும், விசைத்தறியில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலேயே செவித்திறன் பரிசோதனை செய்து பதிவு செய்ய வேண்டும். பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை அதனோடு ஒப்பிட வேண்டும். 4,000 ஹெர்ட்ஸில் ஏற்படும் சரிவை எச்சரிக்கையாக ஏற்று, அவரை ஓசை குறைந்த பணிக்கு மாற்ற வேண்டும். தறியோ துப்பாக்கியோ மின்னாக்கியோ, அரசுப் பணத்திலும் மானியத்திலும் எதை வாங்கினாலும் அது எழுப்பும் ஓசையின் அளவை ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனையாக்க வேண்டும். தறியை நவீனமாக்கத் தரும் மானியத்தில் ஓசை குறைந்த தறிக்குக் கூடுதல் பங்கு தரலாம். நல வாரியங்கள் வழியாகக் காதடைப்பான்களை வழங்கி, அணியும் முறையையும் கற்றுத்தரலாம்.

வரிசை முக்கியம். முதலில் ஓசையைப் பிறக்கும் இடத்தில் குறைப்பது. முடியாதபோது மனிதரை அதிலிருந்து விலக்கி வைப்பது. அதுவும் முடியாதபோதுதான் காதை மூடுவது. நாம் கடைசிப் படியையே பஞ்சு உருண்டையோடு முடித்துவிடுகிறோம்.

கேள்விக்கென்று தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். அமெரிக்கா ஒரு கருவிக்கான வரியை ஒரே கையெழுத்தில் நீக்கிவிட்டது. நம் காவலர்களும் நெசவாளர்களும் எந்தச் சட்டமும் விதிக்காத ஒரு வரியை, ரசீது இல்லாமல், தம் காதுகளால் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதை நீக்க முதலில் அப்படியொரு வரி இருப்பதை அரசு தன் கணக்கில் எழுத வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), பெரிய காஞ்சிபுரம்.